அப்பாவின் ட்ரங்குப் பெட்டி: நெல்லையில் உரிமை வேலை பார்த்தவர்களின் பழைய காகிதங்களை என்ன செய்யலாம்?

வாய்க்காங்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா போய் நாற்பது நாள் ஆகிறது. பரணில் கிடந்த ட்ரங்குப் பெட்டியைப் போன வாரம்தான் இறக்கினோம். பத்திரமோ நகைச்சீட்டோ இருக்கும் என்று அம்மா நினைத்தாள். திறந்தால் முழுக்க மனுக்கள். கலெக்டருக்கு, எஸ்.பி.க்கு, உயர் நீதிமன்றத்துக்கு, தொழிலாளர் அலுவலருக்கு. எல்லாமே டைப் அடித்த கார்பன் நகல், ஒவ்வொன்றின் பின்னாலும் தபால் ரசீது குண்டூசியில் குத்தியிருக்கிறது. அது போக 26 நோட்டுகள்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எமர்ஜென்சி முடிந்த கையோடு அவரும் சில கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு மனித உரிமைக் குழு வைத்திருந்தார்கள். போர்டு கிடையாது, ஆபீஸ் கிடையாது. பாளையங்கோட்டையில் ஒரு டீக்கடை பெஞ்சுதான் எல்லாம். பன்னிரண்டு பேருக்கு மேல் எப்போதும் சேர்ந்ததில்லை. இன்றைக்கு உயிரோடு இருப்பவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவருக்கு நினைவு தப்பிவிட்டது.

சின்ன வயதில் எனக்கு இந்தக் குழு என்றாலே எரிச்சல். ஒரு தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருந்தவர், வாசலில் யாரோ அழுதுகொண்டு நிற்கவும், அப்படியே துண்டால் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்துவிட்டார். திரும்பி வந்தது மறுநாள் மத்தியானம். நாங்கள் வெடி போடவில்லை.

அம்மா எல்லாவற்றையும் பழைய பேப்பர் கடைக்குப் போடச் சொல்கிறாள். எனக்கு மனசு வரவில்லை. இதில் சரித்திரம் என்று ஏதாவது இருக்கிறதா, இல்லை எனக்கு மட்டும்தான் பெரிதாகத் தெரிகிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாடத்தெரு வக்கீல் எழுதியது:

தம்பி, முதலில் பெட்டியைப் பூட்டுங்கள். பேப்பர்காரர் தெருவில் கூவினால் அம்மா கையில் சாவி இருக்கக் கூடாது.

பின்னணியைக் கொஞ்சம் சொல்கிறேன். 1976 அக்டோபரில் ஜெயப்பிரகாஷ் நாராயண் ஆரம்பித்ததுதான் மக்கள் சிவில் உரிமைக் கழகம். 1980-இல் அது உறுப்பினர் சேர்த்து நடத்தும் அமைப்பாக மாறியது. அந்தக் காற்றில் ஊருக்கு ஊர் சின்னச் சின்னக் குழுக்கள் கிளம்பின. சிலது அதோடு சேர்ந்தன, சிலது தனியாகவே இருந்தன. இங்கே நான் பார்த்தவற்றில் ஆட்கள் எல்லாம் ஒரே வார்ப்பு: வாத்தியார், இன்சூரன்ஸ் கிளார்க், இளம் வக்கீல், பேங்க் யூனியன்காரர். மாசச் சம்பளம் வாங்குகிறவர்கள்தான் சாயங்காலம் மனு எழுத முடியும்.

நெல்லைச் சீமையில் இந்த வேலை எமர்ஜென்சியில் பிறந்தது என்று சொல்ல மாட்டேன். 1908 மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். 1924, 25-இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்று வந்த சண்டை தமிழ்நாட்டு அரசியலையே புரட்டியது. ஒன்று அரசாங்கத்தோடு, இன்னொன்று பக்கத்து இலைக்காரனோடு. இந்த இரண்டு சண்டையும் உங்கள் அப்பா பெட்டியில் கலந்தே கிடக்கும் பாருங்கள்.

ஒரு கேள்வி. ரசீதுகளில் தந்தி ரசீது இருக்கிறதா?

வாய்க்காங்கரை எழுதியது:

இருக்கிறது சார். நூற்றுக்கு மேல் இருக்கும். தனியாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார், ரப்பர் உருகி ஒட்டிப்போய்விட்டது. எதற்கு என்று புரியாமல் ஓரமாக வைத்திருக்கிறேன்.

முதல் மனு 1978. குழாயடியில் ஒரு தெருக்காரர்களைக் குடம் வைக்க விடவில்லை என்று எழுதியிருக்கிறார்.

மாடத்தெரு வக்கீல் எழுதியது:

அந்தக் கட்டுதான் பெட்டியிலேயே விலை உயர்ந்தது.

இன்றைக்கு இருக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். போலீஸ் ஒருவரைச் செவ்வாய்க்கிழமை ராத்திரி தூக்கிக்கொண்டு போகும். நாலு நாள் வைத்து அடிக்கும். சனிக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பிடித்தோம் என்று எழுதி மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும். 24 மணி நேரத்துக்குள் ஆஜர்படுத்த வேண்டும் என்று அரசியல் சட்டம் 22-ஆவது பிரிவு சொல்கிறது, காகிதத்தில் பார்த்தால் அதுவும் சரியாக இருக்கும். செவ்வாய்க்கிழமையே பிடித்தார்கள் என்று எதை வைத்து நிரூபிப்பீர்கள்? அதற்குத்தான் தந்தி. விஷயம் தெரிந்த உடனே தந்தி ஆபீசுக்கு ஓட வேண்டும். 'இன்னாரை இத்தனை மணிக்கு இந்த ஸ்டேஷனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், உயிருக்கு ஆபத்து' என்று கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் தலைமை நீதிபதிக்கும் அடிக்க வேண்டும். ரசீதில் தேதி, நேரம் எல்லாம் மத்திய அரசு முத்திரையோடு விழும். அதை எந்த இன்ஸ்பெக்டராலும் அழிக்க முடியாது. சொல்லுக்குக் காசு என்பதால் வார்த்தையை எண்ணி எண்ணி எழுதுவோம். பிடித்துவைத்த ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிப் போடும் ஆட்கொணர்வு மனுவில் நான் வைத்த முதல் ஆவணம் பல தடவை ஒரு சின்னத் துண்டு ரசீதுதான்.

டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 11 கட்டளை போட்டது 1996 டிசம்பரில். கைதுக் குறிப்பு, அதில் சாட்சிக் கையெழுத்து, சொந்தக்காரருக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை டாக்டர் பரிசோதனை எல்லாம் அப்புறம் வந்ததுதான். அதற்கு முன்னால் ஏழைக்கு இருந்த ஒரே கைதுக் குறிப்பு இந்தத் தந்தி. 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தியபோது பத்திரிகைகளில் கல்யாண வாழ்த்து, சாவுச் செய்தி என்றுதான் எழுதினார்கள். இதை யாரும் எழுதின மாதிரி நான் பார்க்கவில்லை.

குழாயடி மனுவுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டத்தைத்தான் 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். உங்கள் அப்பா புதுப் பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

வாய்க்காங்கரை எழுதியது:

போட்டிருக்கிறார் சார். அடிக்கோடும் போட்டிருக்கிறார். வாத்தியார் புத்தி.

சொளவு எழுதியது:

நான் மேலப்பாளையம். எங்கள் உம்மா சொளவை (முறத்தை) மடியில் வைத்துப் பீடி சுற்றித்தான் எங்களை வளர்த்தார்கள். ஆயிரம் பீடி கொண்டுபோனால் அதில் ஒரு பங்கைக் கழித்து வீசுவார்கள், கூலியில் பிடிப்பார்கள், கழித்த பீடியையும் திருப்பித் தர மாட்டார்கள். பாஸ்புக் ஒருத்தி பெயரில் இருக்கும், சுற்றுவது நாலு பேர். அப்புறம் பி.எஃப். யாருக்குப் போகும்?

பீடித் தொழிலுக்கு பி.எஃப். வந்தது 1977-இல். சட்டம் வந்து பல வருஷம் கழித்தும் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது. கண்ணாடி போட்ட ஒரு வாத்தியாரும் இன்னொருவரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவார்கள். திண்ணையில் உட்கார்ந்து பெயர், வாப்பா பெயர், எந்தக் கடைக்குச் சுற்றுகிறாய், எத்தனை வருஷம் என்று கேட்டுக் கேட்டு எழுதுவார்கள். டீ கொடுத்தால் குடிப்பார்கள், காசு வாங்க மாட்டார்கள். உம்மாவுக்கு இன்றைக்கும் பென்ஷன் வருகிறது. சின்னத் தொகைதான். ஆனால் மாதா மாதம் அதை எண்ணி வைத்துக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு கெத்து.

தம்பி, உங்கள் அப்பா கண்ணாடி போட்டிருப்பாரா?

வாய்க்காங்கரை எழுதியது:

தடிமனான கறுப்பு ஃப்ரேம், ஒரு பக்கக் கம்பியில் நூல் சுற்றியிருக்கும். அவரேதான் அக்கா.

ஓய்வுபெற்ற ஏட்டு எழுதியது:

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். நான் 34 வருஷம் காக்கிச் சட்டை போட்டவன். இந்த மனித உரிமைக்காரர்களை எனக்கும் நன்றாகத் தெரியும். ரவுடியைப் பிடித்தால் வருவார்கள். அந்த ரவுடி வெட்டிப் போட்டானே, அவன் வீட்டு வாசலில் போய் நின்றார்களா? ஜாதிக் கலவரத்தில் எங்கள் கூட இருந்த போலீஸ்காரனுக்கு மண்டை உடைந்தது, பதினேழு தையல். ஒரு மனு உண்டா அவனுக்கு?

எங்களுக்கு டியூட்டி நேரம் என்று ஒன்று கிடையாது. பந்தோபஸ்து என்றால் மூன்று நாள் உடுப்போடு லாரியிலேயே தூங்குவோம், பெண்டாட்டி பிரசவத்துக்கு லீவு கிடையாது. மேலே இருப்பவன் எங்களை மிதிப்பான், நாங்கள் கீழே இருப்பவனை மிதிப்போம். சரி என்று சொல்லவில்லை, நடந்தது அது. உரிமை என்றால் எல்லாருக்கும்தானே?

நாங்குநேரி ரோடு எழுதியது:

ஏட்டு ஐயா, கோபப்படாதீர்கள். ரவுடிக்குத் தண்டனை கொடுப்பது நீதிமன்றம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவையும் மகனையும் பிடித்தார்களே, அவர்கள் என்ன ரவுடியா? செல்போன் கடைக்காரர்கள். உடம்பெல்லாம் காயத்தோடு ரிமாண்ட் ஆகி, கோவில்பட்டி சப்ஜெயிலுக்குப் போய், இரண்டு பேரும் செத்தார்கள். உள்ளே நடந்ததைச் சாட்சியாகச் சொன்னது ஒரு பெண் ஏட்டு. 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்குக் கூட்டிப்போனவர்களின் பல்லைப் பிடுங்கினார்கள் என்று வந்தது. முதலில் சார் ஆட்சியர் விசாரித்தார், அப்புறம் அமுதா ஐ.ஏ.எஸ். தலைமையில் உயர்மட்ட விசாரணை வைத்தார்கள்.

நான் கேட்க வந்தது வேறு. இவ்வளவு வருஷம் மனு எழுதி என்ன மாறியது? நான் படித்த பள்ளிக்கூடத்தில் கையில் எந்த ஜாதிக் கலரில் கயிறு கட்டியிருக்கிறான் என்று பார்த்துத்தான் பக்கத்தில் உட்காருவார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளிப் பையனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்கு அப்புறம்தான் நீதிபதி சந்துரு குழு, கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் ஜாதி கூடாது என்று 2024-இல் அறிக்கை. பெட்டியில் 1978-இல் குழாயடி, இன்றைக்கு மணிக்கட்டு. அவ்வளவுதானே வித்தியாசம்?

வாய்க்காங்கரை எழுதியது:

நாங்குநேரி தம்பிக்கு என்னிடம் பதில் இல்லை. ஏட்டு ஐயாவுக்கு ஒன்று இருக்கிறது.

நேற்று ராத்திரி ஆறாவது நோட்டுக்குள் ஒரு மனு மடித்து வைத்திருந்தது. உள்துறைச் செயலாளருக்கு எழுதியது, 1984. காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும், ஆர்டர்லி என்று அதிகாரிகள் வீட்டு வேலைக்கு அனுப்பக் கூடாது, பந்தோபஸ்து போகும் ஊரில் கக்கூஸ் வசதி வேண்டும் என்று மூன்று பக்கம். கீழே ஏழு பேர் கையெழுத்து. பதில் வந்ததாகக் குறிப்பு இல்லை.

ஓய்வுபெற்ற ஏட்டு எழுதியது:

வார ஓய்வு 2021-இல்தான் அறிவித்தார்கள். அதற்குள் நான் ரிட்டயர்டு. 1984-இல் எங்களுக்காக ஒருத்தன் எழுதினான் என்று எவனும் எங்களிடம் சொல்லவில்லை.

வக்கீல் சார் தந்தி பற்றி எழுதியது உண்மை. ஒரு சம்பவம் சொல்கிறேன், ஸ்டேஷன் பெயர் வேண்டாம். ராத்திரி பத்து மணி இருக்கும். எஸ்.பி. ஆபீசிலிருந்து மைக்கில் கேட்டார்கள்: இந்தப் பெயரில் ஆள் உன் ஸ்டேஷனில் இருக்கானாமே, தந்தி வந்திருக்கு. இன்ஸ்பெக்டர் ஐயா முகம் செத்துப்போனது. அதுவரை அந்த ஆள் பெயர் ஜி.டி.யிலேயே, அதாவது ஸ்டேஷன் தினக் குறிப்பிலேயே கிடையாது. என்னைக் கூப்பிட்டு, எழுதுய்யா, அரெஸ்ட் போடு, காலையில் ரிமாண்ட் என்றார். அவனைக் குளிப்பாட்டி, சாப்பாடு வாங்கிக் கொடுத்தோம். தந்தி வராமல் இருந்திருந்தால் அந்த ராத்திரி எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் எழுத வேண்டாம்.

ஆனாலும் நான் முதலில் கேட்ட கேள்வியை வாபஸ் வாங்கவில்லை. வெட்டுப்பட்டவன் வீட்டுக்கு யார் போனார்கள்?

மாடத்தெரு வக்கீல் எழுதியது:

நியாயமான கேள்வி அண்ணாச்சி. சில இடங்களுக்குப் போகவில்லை. எங்களுக்குள்ளேயே அதில் சண்டை உண்டு. அரசாங்கம் செய்வதைக் கேட்பதுதான் நம் வேலை என்று சிலர், ஊர் செய்வதையும் கேட்க வேண்டும் என்று சிலர். 1995 ஆகஸ்ட் 31-ஆம் தேதி கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து வீடு வீடாக உடைத்ததே, அப்போது ஒரே குரலில் பேச முடிந்தது. ஊரும் ஊரும் வெட்டிக்கொண்டபோது அப்படிப் பேச முடியவில்லை. குழுவில் இருந்தவர்களுக்கும் ஜாதி உண்டு, சொந்தக்காரன் உண்டு, பெண் கொடுத்து எடுத்த ஊர் உண்டு. இரண்டு பேர் அதனாலேயே விலகினார்கள். ஆனால் வன்கொடுமைச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணத் தொகை தவணை தவணையாக வர வேண்டும் என்று 1995 விதிகள் சொல்கின்றன. அதை வாங்கிக் கொடுக்கக் கலெக்டர் ஆபீஸ் படி ஏறியவர்களும் இதே ஆட்கள்தான். விழிப்புணர்வு கண்காணிப்புக் குழு மூன்று மாசத்துக்கு ஒரு தடவை கூட வேண்டும் என்று அதே விதியில் இருக்கிறது. கூடியதா என்று கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்தது.

தேரிமணல் எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னியுங்கள். அவசரம். சொந்தக்காரப் பையனை இன்றைக்குச் சாயங்காலம் விசாரணை என்று கூட்டிப்போயிருக்கிறார்கள். எதற்கு என்று சொல்லவில்லை, ஸ்டேஷனில் கேட்டால் இங்கே இல்லை என்கிறார்கள். தந்தி இப்போது இல்லையே, என்ன செய்ய?

மாடத்தெரு வக்கீல் எழுதியது:

இப்போதே எஸ்.பி., கலெக்டர், மாநில மனித உரிமை ஆணையம் மூன்று பேருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். பெயர், வயசு, கூட்டிப்போன நேரம், இடம், வண்டி எண் தெரிந்தால் அதுவும். அனுப்பிய நேரம் அதிலேயே விழும், தந்திக்குப் பதில் இப்போது அதுதான். 15100-க்குப் போன் போடுங்கள், சட்டப்பணிகள் ஆணைக்குழு. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள், சத்தம் போடாதீர்கள். மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுவந்தால் அடித்தார்களா என்று கேட்பார், பையன் அங்கே வாயைத் திறக்க வேண்டும். பயந்துபோய் 'இல்லை' என்று சொல்லிவிட்டால் அப்புறம் திருத்துவது கஷ்டம். தனிச்செய்தியில் என் நம்பர் அனுப்பியிருக்கிறேன்.

தேரிமணல் எழுதியது:

பையனை ராத்திரி பதினொன்றரைக்கு விட்டுவிட்டார்கள். ஆள் மாறிப் பிடித்துவிட்டார்களாம். நன்றி சார்.

நாங்குநேரி ரோடு எழுதியது:

சரி, நான் கேட்டதற்கு ஒரு பதில் கிடைத்த மாதிரி இருக்கிறது. வாய்க்காங்கரை அண்ணாச்சி, அப்பாவின் 1999 நோட்டு இருக்கிறதா? ஜூலை 23?

வாய்க்காங்கரை எழுதியது:

இருக்கிறது. இரண்டு நாளாக அதைத் திறந்து திறந்து மூடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்த சக தொழிலாளர்களை விடச் சொல்லியும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தார்கள். தடியடி. ஒரு பக்கம் போலீஸ், ஒரு பக்கம் தாமிரபரணி. 17 பேர் செத்தார்கள். இரண்டு பெண்கள், ஒரு கைக்குழந்தை. நீதிபதி மோகன் கமிஷன் போலீஸ் மேல் பெரிதாகக் குற்றம் காணவில்லை.

நான் அந்த நோட்டில் ஆவேசமாக ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கிடையாது. அன்றைக்குச் சாயங்காலம் அப்பா ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வாசலில் நின்று பட்டியல் எழுதியிருக்கிறார். மூன்று பத்தி. யார், யாரோடு வந்தார்கள், திரும்பிப் போனார்களா. மூன்றாவது பத்தியில் தெரிந்தவர்களுக்கு மட்டும் 'ஆம்' என்று எழுதி, மற்றதைக் காலியாக விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மறுநாளும் அதற்கு மறுநாளும் வேறு வேறு பேனாவில் நிரப்பியிருக்கிறார். ஒரு பெயருக்கு எதிரே 'ஆம்' என்று எழுதி அடித்திருக்கிறது. யாரோ தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும்.

கமிஷன் அறிக்கை பற்றி ஒரு வரிகூட இல்லை. வருஷா வருஷம் ஜூலை 23 அன்று ஆற்றில் பூப்போடப் போயிருக்கிறார், பஸ் டிக்கெட் மட்டும் ஒட்டியிருக்கிறது. அந்த எஸ்டேட்டின் 99 வருஷக் குத்தகை 2028 வரைக்கும். அதற்கு முன்னாலேயே 2024-இல் கம்பெனி எல்லாருக்கும் விருப்ப ஓய்வு என்றதும் அப்பா அந்தச் செய்தியை வெட்டிக் கடைசி நோட்டில் வைத்திருக்கிறார். அதற்கு அப்புறம் நோட்டில் எழுதவில்லை.

கணினிக்காரன் எழுதியது:

இவ்வளவையும் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிடலாமே! எல்லாருக்கும் பயன்படும். ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

சொளவு எழுதியது:

வேண்டாம் தம்பி. அந்த மனுக்களில் எங்கள் தெருப் பெண்கள் பெயர் இருக்கும். ஒருத்தி புருஷன் அடித்தது, ஒருத்தியை ஸ்டேஷனில் வைத்து என்ன கேட்டார்கள் என்பது, எல்லாம் அவர்கள் வாத்தியாரை நம்பிச் சொன்னது. அவர்கள் பேத்திகளுக்கு இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள். பெயரைத் தட்டினால் போனில் வந்து நிற்கும். சரித்திரம் உங்களுக்கு, பேச்சு வாங்குவது அவர்களா?

மாடத்தெரு வக்கீல் எழுதியது:

அக்கா சொல்வது சரி. ஸ்கேன் எடுப்பது வேறு, ஊருக்குக் காட்டுவது வேறு. எடுத்து வைத்துக்கொள்வோம். கார்பன் நகல் உரசினாலே போய்விடும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம், இத்தனை வருஷத்துக்குப் பெயரை மறைத்துத்தான் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட முடியுமா என்று. அதுவரைக்கும்: குண்டூசியைப் பிடுங்குங்கள், துரு காகிதத்தைத் தின்றுவிடும். எந்த ரசீது எந்த மனுவில் இருந்தது என்று பென்சிலால் மட்டும் எண் போடுங்கள். லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். பழைய ஃபேக்ஸ் தாள் இருந்தால் முதலில் அதை ஜெராக்ஸ் எடுங்கள், எழுத்து மறைந்துகொண்டே வரும்.

வாய்க்காங்கரை எழுதியது:

இன்று காலையில் குண்டூசி எடுக்க உட்கார்ந்தேன். அம்மா கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தாள். அப்புறம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து அவளும் பிடுங்க ஆரம்பித்தாள். எதையும் படிக்கவில்லை. மத்தியானத்துக்குள் கால் பாட்டில் ஊசி. 'இத்தனையும் நான் கடையில் வாங்கிக் கொடுத்ததுலே' என்றாள்.

ஒரு சிக்கல். சில நோட்டுகளுக்குள் போலீஸ் ஸ்டேஷன் காகித நகல்கள் இருக்கின்றன. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது, பாதிக்கு மேல் சுருக்கெழுத்து. எனக்கு ஒரு வரிகூட ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாராவது வர முடியுமா? கணினிக்காரர் ஸ்கேனரோடு வருகிறேன் என்றிருக்கிறார், சொளவு அக்காவும் வருகிறார்கள்.

ஓய்வுபெற்ற ஏட்டு எழுதியது:

அது ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் கையெழுத்து. எங்களைத் தவிர யாருக்கும் புரியாது, புரியக் கூடாது என்றுதான் அப்படி எழுதுவது. பத்து மணிக்கு வருகிறேன். கண்ணாடியை மறக்காமல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன் வீட்டில்.